பாதுஷா வீட்டில் இல்லை

பெலிக்ஸ் ஏரிக்குப் போயிருந்தபோது, அவன் மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. மனைவி ஜெபசெல்வி எடுத்தாள். "மத்தியானம் சூளை வண்டி வருதும்மா. கெழட்டுக் குதிரைய ரெடியா வையி" என்றது ஒரு குரல். பழவேற்காட்டுக் கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரிக்குச் சுமந்து தேய்ந்த குதிரை பாதுஷாவை, செங்கல் சுமக்க விற்றிருக்கிறான் புருஷன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழுதுகொண்டே, குதிரைக்கு இடம் கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் காட்டூரில் மாடு வளர்க்கும் கங்காதரன்தான், "பல்லு போனா இன்னா, தவுடு ஊறவெச்சுக் குடுத்துக்கலாம். இட்னு வாம்மா" என்றார்.

காலண்டர் தாளைக் கிழித்துப் புருஷனுக்கு எழுதினாள்.

"ஜெஸ்ஸி நைனா, சோறு வடிச்சாச்சு. எறாத்தொக்கு மூடி வெச்சிருக்கேன், பூனைய உள்ள வுடாத. சாயந்தரம் ஜெஸ்ஸிய ஸ்கூல்லேந்து நீயே இட்னு வா. சூளை வண்டிக்காரன் வந்தா நீயே பதில் சொல்லிக்க. பாதுஷா கெழடாயிட்டான், வெச்சுக்க முடியலன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா எடம் தேடியிருப்போமே. நேத்து அவன் கழுத்த நீவிக்கினே சிரிச்சியே, வித்துட்டுத்தான சிரிச்ச?"

தாளைச் சோற்றுப் பானையடியில் செருகினாள். குதிரையை அவிழ்த்துத் தெருவரை வந்தவள், அதைக் கட்டிவிட்டுத் திரும்பி ஓடி, தாளின் ஓரத்தில் பொடியெழுத்தில் சேர்த்தாள்.

"முள்ளு குத்துன காலுக்கு மருந்து ஜன்னல்ல கீது, போட்டுக்க. ராத்திரிக்குள்ள வந்துடுவேன். பாதுஷாவ எங்க வுட்டேன்னு மட்டும் கேக்காத. உன்ன நம்பி இனிமே அத சொல்ல முடியாது."