லீற்றருக்கு எத்தனை ஓடும்

இன்று காலை வண்டி வாங்கவென்று புத்தூரிலிருந்து வந்த ஒருவர் உங்கள் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்தார். வெங்காயத் தோட்டம் செய்கிறவர், ஐம்பது வயது இருக்கும். மூன்று வருடமாக மூடிக் கிடந்த தாங்கியிலிருந்து பழைய பெற்றோலின் மணம் எழும்பி விறாந்தை வரை வந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அம்மா, உது லீற்றருக்கு எத்தினை ஓடும்?" என்று கேட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் அவரை இருத்தி ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பீர்கள். தனியே போனால் எவ்வளவு, பின்னுக்கு ஆள் இருந்தால் எவ்வளவு, நாற்பதில் போனால் எவ்வளவு, அறுபதில் போனால் எவ்வளவு என்று. நான் "தெரியாது" என்றேன். அது பொய். இதைவிடப் பெரிய பொய்யொன்றை உங்களுக்கே சொல்லாமல் சொல்லியிருக்கிறேன். அதை எழுதத்தான் இப்போது மேசையில் இருக்கிறேன்.

அந்த வண்டியின் பக்கப்பெட்டியில் எப்போதும் அரைப் போத்தல் பெற்றோல் இருக்கும். யுத்தத்தில் இங்கே பெற்றோல் வராத வருடங்களில் பழகிய பழக்கம். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவீர்கள். புகையில் என் பள்ளிக்கூடச் சேலையெல்லாம் விளக்குத் திரி மாதிரி மணக்கும். வகுப்புக்குள் நான் நுழைய முன்னமே பிள்ளைகளுக்கு ரீச்சர் வருவது தெரியும். யுத்தம் ஓய்ந்து பாதை திறந்து, பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் நீங்கள் போத்தலை எடுக்கவில்லை. "தாங்கியிலை இருக்கிறது போறதுக்கு. போத்தலிலை இருக்கிறது வீடு வந்து சேர" என்பீர்கள். எனக்கு அந்த மணம் பிடிக்காது. இருநூறு சீசீ வண்டியை ஒரு மனிதர் குழந்தையைப்போல ஆட்டி, தாங்கியில் காதை வைத்து, எவ்வளவு மிச்சம் என்று கேட்பதும் எனக்குச் சிரிப்பாக இருக்கும். கன்னியாஸ்திரிகளிடம் கணக்குப் படித்தவள் நான். காதால் அளக்கிறவரை எப்படி நம்புவது?

மூன்று வருடத்துக்கு முன், நாடே பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த ஆடி மாதம், வல்வெட்டித்துறையில் என் பள்ளித் தோழி இறந்துபோனாள். நான் போகத்தான் வேண்டும் என்றேன். நீங்கள் வண்டியை ஆட்டிப் பார்த்து, "ஒண்டரை லீற்றர் இருக்கும். மட்டுமட்டு" என்றீர்கள்.

"லீற்றருக்கு நாற்பத்தைஞ்சு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அறுபத்தேழு கிலோமீற்றர் போகும். கொக்குவிலிலை இருந்து போய்வர அறுபது கூட இல்லை. இதிலை என்ன மட்டு?"

"உம்மடை கணக்குச் சரிதான். சோளகக் காத்துக்கு உம்மடை கணக்குத் தெரியாதே" என்று சிரித்தீர்கள். "பரவாயில்லை, போத்தல் கிடக்குது. வாரும்."

நீங்கள் சேட்டு மாற்ற உள்ளே போனீர்கள். செத்தவீட்டில் முழுகிவிட்டு மாற்ற நான் ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தேன். போத்தல் கிடந்தது. அதை எடுத்து விறகுக்கொட்டிலில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் சேலையை வைத்தேன். என் கணக்கின்படி போத்தல் தேவைப்படாது. அதனால் உங்களிடம் சொல்லவும் இல்லை.

நாற்பத்தைந்து என்பது நீங்கள் தனியே ஓடியபோது வந்தது. பின்னால் நான் இருந்ததை நான் சேர்க்கவில்லை. சுடலைக்கு நடக்க முடியாத கிழவர்களை நீங்கள் இரண்டு தரம் ஏற்றி இறக்கியதும் என் கணக்கில் இல்லை. திரும்பும்போது உடுப்பிட்டி தாண்டியதுமே கடைசி மிச்சமான ரிசேவுக்குத் திருப்பினீர்கள். வல்லை வெளியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. வண்டி இரண்டு தரம் இருமி நின்றது.

நீங்கள் முகம் கொஞ்சமும் வாடாமல் இறங்கி, "பாத்தீரே, இதுக்குத்தான்" என்று பெட்டியைத் திறந்தீர்கள். என் ஈரச் சேலைதான் இருந்தது. அதைத் தூக்கி, அடியில் தடவி, திரும்பவும் தடவிப் பார்த்தீர்கள்.

"ஆரோ எடுத்துப்போட்டாங்கள்" என்றீர்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நான் குடையை விரித்தேன்.

ஒரு மரமும் இல்லாத அந்த வெளியில் எழுபத்துநாலு வயதில் நீங்கள் காற்றுக்கு எதிரே வண்டியைத் தள்ளினீர்கள். நான் பின்னால் நடந்தேன். யாரும் நிற்கவில்லை, அந்த நாட்களில் யார் யாருக்குப் பெற்றோல் கொடுப்பார்? புத்தூர்ச் சந்தியில் தெரிந்த வீடொன்றில் வண்டியை ஒரு கிழமைக்கு விட்டுவிட்டு பஸ் ஏறினோம். சீற்றில் இருந்த பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "பெட்டியிலை போத்தல் இருக்கிறது இராசதுரைக்கு மட்டும்தான் தெரியும்."

இராசதுரையண்ணை முதல்நாள்தான் வந்து காபரேற்றர் துப்பரவாக்கித் தந்தவர். நாற்பது வருடமாகப் பின்னேரத் தேத்தண்ணியை எங்கள் விறாந்தையில் குடித்தவர்.

அடுத்தநாள் அவர் வழக்கம்போல வந்தார். "எப்பிடி மச்சான், வண்டி ஒழுங்காய் ஓடிச்சுதோ?"

"ஓடிச்சுது. உனக்குப் பெற்றோல் தேவையெண்டால் கேட்டிருக்கலாமே, தந்திருப்பன்."

"என்னையோ சொல்லுறாய்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் குடிக்காமல் எழும்பிப் போனார். அன்று நீங்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, விறகுக்கொட்டிலில் இருந்த போத்தலை எடுத்து வேலியோரம் ஊற்றினேன். ஊர் முழுக்க வரிசையில் நின்றது. நான் மண்ணில் ஊற்றினேன்.

ஏழு வாரத்தில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். வண்டி தள்ளியதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் வைத்தியர். நான் இரண்டு தரம் கேட்டேன். இராசதுரையண்ணை செத்தவீட்டுக்கு வந்தார். கேற்றுக்கு வெளியே மதிலோடு நின்று, உங்களைக் கொண்டுபோகும்போது பின்னால் நடந்தார். வளவுக்குள் கால் வைக்கவில்லை.

இன்று அந்தப் புத்தூர்க்காரர் என் பதிலுக்குப் பிறகு சொன்னார்: "பரவாயில்லையம்மா. வரேக்கை இராசதுரை அண்ணையிட்டை விசாரிச்சனான். தனிய நாற்பத்தைஞ்சு, ஆள் இருந்தால் முப்பத்தெட்டு, சோளகத்துக்கு எதிரை முப்பதுகூட வராது எண்டவர். வைச்சிருந்தவர் நேர்மையான மனுசன், நம்பி எடுக்கலாம் எண்டும் சொன்னவர்."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கையோடு நான் செருப்பைப் போட்டேன். இராசதுரையண்ணையின் வீடு நாலாம் வீடுதான். மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. அவர் கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். நன்றாக மெலிந்துவிட்டார். இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அந்தப் போத்தலை எடுத்தது நான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். கோபப்படுவார், அல்லது முன்பே தெரியும் என்பார் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"அவனுக்குச் சொன்னனீங்களோ, ரீச்சர்?"

"இல்லை."

"பேந்தென்ன, இனி என்ன கிடக்கு?" என்றார். வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "போகேக்கை கேற்றைக் கொழுவிப்போட்டுப் போங்கோ. மாடு வந்திடும்."

கொழுவிவிட்டு வந்தேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை என்பதும் சரி. இந்த மடலால் எதுவும் திருந்தாது. உங்களுக்கு எட்டாது என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்த ஏழு வாரமும் பின்னேரம் நாலு மணிக்கு நீங்கள் விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி ஆறும்வரை கேற்றுக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கேட்டீர்கள்: "அவன் இனி வரமாட்டான் போலை, என்ன?"

"வராட்டில் என்ன" என்றேன் நான். ஆறிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கினேன்.