இன்னொரு அக்கா

ஜனவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இன்னும் தடுமாறினாலும், கை தங்கச்சி என்றுதான் எழுதுகிறது. ராக் இசைக்குழுவோடு மேடையில் பாடப்போகிறாய், கறுப்பு லிப்ஸ்டிக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாய். போடு. ஆனால் கறுப்பு உதடு தாடி நிழலைத் தூக்கிக் காட்டும். ஷேவ் செய்து முகம் ஆறியதும், நிழல் உள்ள இடத்தில் மட்டும் ஆரஞ்சு கரெக்டரை மெலிதாக ஒற்று. தேய்க்காதே. மேலே பவுடர், அப்புறம்தான் ஃபவுண்டேஷன். புருவத்தைச் சிரைத்துத் தொலைக்காதே. அம்மாவின் புருவம் அது, எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் பார்லரில் கல்யாணப் பெண்களுக்குப் போடும் ஃபவுண்டேஷனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு அருமை, நிழல் போன இடம் தெரியவில்லை. ஃபவுண்டேஷன்தான் சாம்பல் பூத்துவிட்டது. பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் ஊசி அக்கா பார்த்துவிட்டு, "யாருடி உனக்கு மாவு பூசிவிட்டது?" என்று சிரித்தாள். அவளும் என்னைப் போலத்தான், எனக்கு முன்பே பெண்ணாக வாழத் தொடங்கியவள். என் கழுத்து நிறத்துக்கே கலந்து கொடுத்தாள். கண்மையைக் கோடாக இழுக்காமல் விரலால் கலைத்துவிட்டாள், தாடை அகலம் கண்ணிலேயே படவில்லை. "தோள மறைக்காத. ஆணி வச்ச தோல் ஜாக்கெட்டப் போட்டு நல்லாக் காட்டு" என்கிறாள்.

நிகழ்ச்சி அடுத்த மாதம். வருவாயா?

தங்கச்சி

பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

மாவு பூசியது நான்தான் என்று அவளிடம் சொன்னாயா? பார்லரில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு ஷேட் வெளுப்பாகத்தான் போடுவோம், இல்லாவிட்டால் மாமியார்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் உனக்கும் அதையே அனுப்பிவிட்டேன். அதற்காகக் கடிதம் முழுக்க ஊசி அக்கா புராணமா? ஊசி என்று கூப்பிட்டால் போதாதா, அக்கா எதற்கு? எனக்கு வயிறு எரிகிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நிகழ்ச்சியன்று நான் வந்து போட்டுவிடுகிறேன். அவள் கை படக்கூடாது.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

வீட்டில் கதவைச் சாத்திய அன்று அவள்தான் எனக்குப் படுக்க இடம் கொடுத்தாள். வேறு எப்படிக் கூப்பிடுவேன்? சண்டை வேண்டாம், பங்கு பிரித்துவிட்டேன்: கண் அவளுக்கு, உதடு உனக்கு. கட்டாயம் வா.

தங்கச்சி

பிப்ரவரி 23

தங்கச்சிக்கு,

வந்திருந்தேன். பஸ் தாமதமாகவில்லை, வழியும் தப்பவில்லை. ஒப்பனை அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் உன் முகவாயைப் பிடித்திருந்தாள், நீ குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். என் பங்கு உதட்டை வெறுமனே வைத்திருந்தாய். நான் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடைக்குக் கூப்பிட்டதும் அவளே போட்டுவிட்டாள். ஓரம் துளிகூடப் பிசகவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ பாடும்போது பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாடுறவங்க உங்களுக்குச் சொந்தமா? ஒரே சாடையா இருக்கே" என்றாள்.

"இல்லைங்க, யாரோ" என்று சொல்லிவிட்டேன்.

நம் வீட்டில் எல்லாரும் உன்னை யாரோ என்று சொன்னது வெட்கப்பட்டு. நான் சொன்னது பொறாமைப்பட்டு. அது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் அக்கா