இருபத்தேழு மணி

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.

அன்பு மகன் தயாபரனுக்கு அம்மா எழுதுவது. வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு உன் பேரிலும் பொங்கினோம். சிறுபோக நெல் குடலைப் பருவம், கதிர் வெளிவரப் போகிறது, பசு கன்று போட்டிருக்கிறது, என் முழங்கால் அப்படியேதான். நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன், உன் மனுசி விமலேஸ்வரி இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

போன கிழமை உன் மகள் யதுர்ஷிகாவின் கணினிக் கொப்பியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாலு மாதத்தில் மூன்று பக்கம், அதிலும் ஒன்றில் வாய்க்கால் படம் கீறியிருக்கிறாள் என்று குதித்தாய். எங்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் பள்ளிக்கூட அதிபருக்குப் போன் எடுத்து, சிவரூபி ரீச்சர் படிப்பிக்காமல் பிள்ளைகளை விளையாட விடுகிறா என்றும் சொன்னாய். இப்போது வருகிற திங்கள் முதல் ரீச்சர் நோட்ஸ் சொல்ல வேண்டுமாம், பிள்ளைகள் எழுத வேண்டுமாம், கணினி அறைக்குப் பூட்டாம். வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டத்தில் அதை முடிவாக்கப் போகிறார்கள்.

அந்த வாய்க்கால் என்னவென்று கேட்டாயா? வீட்டில் உள்ள ஒரு சிக்கலைக் கொண்டு வாருங்கோ, அதைக் கணினியைக் கொண்டு தீர்த்துப் படிப்போம் என்று ரீச்சர் சொன்னாவாம். இவள் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் எங்களுக்குள் வரும் சண்டையைக் கொண்டு போனாள். பதினொரு வயலையும் நடந்து பார்த்து, எது எத்தனை ஏக்கர் என்று என்னிடமும் கேட்டு, யாருக்கு எத்தனை மணிக்கு மடை திறப்பது என்று கணினி சொல்லும்படி வரி வரியாகக் கட்டளை எழுதினாள். முதல் தரம் கடைசி வயல்காரர் வீரபாகுவுக்கு இருபத்தேழு மணி என்று வந்தது. அந்த மனிசன், "இருபத்தேழு மணிக்கு எந்த உலகத்தில பிள்ளை நான் தண்ணி கட்டுறது?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இவள் அழுதுகொண்டு போக, ரீச்சர் விடை சொல்லவில்லை, ஒரு நாள் எத்தினை மணியோட முடியுது என்று மட்டும் கேட்டாவாம். இவளே யோசித்து, இருபத்து நாலைத் தாண்டினால் அந்த இருபத்து நாலைக் கழித்துவிட்டு மறுநாள் என்று போடு என ஒரு வரி சேர்த்தாள். போன முறை பதினொரு வயலுக்கும் என் பேத்தியின் கடதாசிப்படிதான் மடை திறந்தது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வீரபாகு ஒரு வாழைக்குலை கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். இதுவா விளையாட்டு?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்லச் சொல்ல எழுதிய கொப்பிகளில் ஒரு வரியும் நினைவில் இல்லை, தண்ணீர் கட்டப் பழகியது மடை உடைத்துப் பிழைவிட்டுத்தான். நீ கட்டாரில் மெக்கானிக் என்று சம்பளம் எடுக்கிறாயே, எந்த நோட்ஸில் பழகினாய்? உன்னைப் பெற்ற ஐயாவின் தண்ணி மோட்டரை இரண்டு தரம் எரித்துத்தானே. அவர் உன் கையைப் பிடித்துத் தடுத்தாரா?

வியாழனுக்குள் அதிபருக்குப் போன் எடுத்து, விசாரியாமல் சொன்னது என் பிழை என்று சொல்லு. சொல்லாவிட்டால் வீரபாகுவையும் கூட்டிக்கொண்டு நானே கூட்டத்துக்குப் போய் உன் பேரைச் சொல்லித்தான் கதைப்பேன். விமலேஸ்வரிக்கு உன்னில் பயம், எனக்கில்லை. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடு, அம்மன் உன்னைக் கைவிடமாட்டா. போனில், அம்மாவுக்கு ஆரோ சொல்லிக் குடுக்கினம் என்றாய். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மூன்று தரம் பிழைவிட்டுக் கிழித்தேன், இது நாலாவது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா,
கமலாட்சி