மெழுகுக்குள் இருந்தவர்

பாஸ்டன்,
நவம்பர் 1867

மரியாதைக்குரிய அத்தைக்கு, மருமகள் கெசையா பணிவுடன் எழுதுவது.

வெர்மான்ட்டில் பனி விழத் தொடங்கியிருக்கும். முழங்கால் வலி தேவலையா? எனக்குக் காய்ச்சலில் கொட்டிய முடி மறுபடி வளர்ந்துவிட்டது. வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். உங்கள் பிள்ளையையும் கொண்டு வருகிறேன். பதறாமல் முழுவதும் படியுங்கள்.

உங்கள் பிள்ளை எலிஹு இறந்தபோது நானும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். அடக்கம் முடிந்துவிட்டது என்று முதலாளி ஃபாஸ்டிக் சொன்னார். ஒரு கல்லறையையும் காட்டினார். கோடை முழுக்க அந்த வெறும் மண்ணுக்குத்தான் பூ வைத்திருக்கிறேன்.

போன மாதம் அவருடைய காட்சிசாலைக்கு ஒரு மெழுகுச் சிலை வந்தது. உலகிலேயே சிறிய வீரர், கேப்டன் குண்டூசி; மேடையில் எலிஹுவின் பெயர் அதுதானே. தொப்பியைத் தூக்கி வணங்கியபடி நின்றது. கையில் உறை இல்லை. சிறுவயதில் உங்கள் மாடு மிதித்துக் கோணிப்போன சுண்டுவிரல், அத்தை! மேடையில் எலிஹு ஒருநாளும் கையுறையைக் கழற்றியதில்லை. சிலை செய்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? தொட்டுப் பார்த்தேன். மெழுகுக்கு அடியில் நகம் தட்டுப்பட்டது.

நான் கத்தவில்லை. போலீசுக்குப் போனால் அவர்கள் வருவதற்குள் முதலாளி மறைத்துவிடுவார். நேரே அவர் அறைக்குப் போய்ச் சிரித்தேன். "முதலாளி, சிலையத் திறந்து வைக்கிற அன்னிக்கு நான் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசட்டுமா?" என்றேன்.

"பேசு பொம்மை, பேசு! அழுதுக்கிட்டே பேசு. ஜனம் அப்படியே உருகிடும்," என்று என்னைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தார். எப்போதும் அப்படித்தான், குள்ளச்சிதானே என்று கேட்காமலே தூக்குவார். பெரிய மனிதர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடச் சொன்னேன். ஒருவர் விடாமல் அவரே கூப்பிட்டார்.

திறப்பு நாள் மதியம் கூடம் நிறைந்திருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று கேட்டேன்: "இங்க டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா? மேல வந்து இந்த விரலைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க." நரைத்த மீசைக்காரர் ஒருவர் பேனாக்கத்தியோடு வந்தார். சுரண்டினார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "கடவுளே, இது மனுஷன்!" என்றார்.

"இவளுக்குப் பைத்தியம் பிடிச்சுருச்சு! இறக்குங்கடா கீழே!" என்று ஃபாஸ்டிக் கத்தினார். நான் இறங்கவில்லை. "இது என் புருஷன். புதைச்சாச்சுன்னு இந்த ஆள் எங்கிட்டச் சொன்னார்," என்றேன். அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் மேடை ஏறியது. ஃபாஸ்டிக்கைக் காணவில்லை. துணி தொங்கிய மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தார். மற்றவர்கள் என் தலைக்குமேலே தேடினார்கள். என் கண்ணுக்கு நேரே அவர் இருந்தார். "கெசையா, தாயே, காட்டிக்கொடுத்துடாதே. உன்னை மகள் மாதிரி வச்சிருந்தேனே," என்று கை கூப்பினார். என்னைவிடத் தாழ்ந்து அவர் முகத்தைப் பார்த்தது அன்றுதான். நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு துணியைத் தூக்கிப் பிடித்து, "இங்க இருக்கார்," என்றேன்.

கூட்டம் அடித்ததில் கால் முறிந்து ஃபாஸ்டிக் சிறை மருத்துவமனையில் கிடக்கிறார். இனி நடக்கமாட்டாராம். அவரை மன்னித்துவிடச் சொல்லிப் பாதிரியார் வந்தார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது, அத்தை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எலிஹுவுக்கு முழு ஆள் அளவில் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் அப்பா பக்கத்தில் குழி தோண்டி வையுங்கள். ஊரெல்லாம் ரயிலடிக்கு வரும். கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்டச் சொல்வார்கள். பெட்டியைத் திறக்க விடாதீர்கள். பிறந்த நாளிலிருந்து எல்லோரும் அவரை வேடிக்கை பார்த்தது போதும்.

பெற்றவள் நீங்கள், உங்களுக்குத் தடை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நீங்களும் திறக்கச் சொல்லாதீர்கள்.

கர்த்தர் உங்களைத் தாங்கட்டும்.

உங்கள் பிள்ளையின் மனைவி,
கெசையா