பன்னிரண்டு மணிச் சங்கு

ஸ்டில்சன், ஒக்லஹோமா
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

வெல்டா அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மகள் சார்லீனும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த ஆரிகன் ஊரில் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சார்லீன்தான் எடுத்து, "அப்பா தூங்குறார் அத்தை" என்கிறாள். பட்டப்பகலில் என்ன தூக்கம்? சரி, கடிதத்தையாவது படிப்பாய் என்று எழுதுகிறேன். கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன். என்னைத் தெரியும் உனக்கு.

இங்கே குளிர் ஒருவழியாக விட்டது. கோதுமை கணுக்காலைத் தாண்டிவிட்டது. உன் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறானே, அவனுக்கு வேலி கட்டவும் தெரியாது, தெரிந்தவர்களைக் கேட்கவும் தெரியாது. அவன் மாடுகள் பாதி நாள் என் வாசலில்தான் நிற்கின்றன. போன வாரம் ஒன்று கொடியில் காய்ந்த தலையணை உறையை இழுத்து மென்றுகொண்டிருந்தது. விரட்டினால் என்னையே முறைக்கிறது. உன் மாடுகளுக்கு இருந்த மரியாதை இதுகளுக்குக் கிடையாது.

நான் இன்னும் அரசாங்கம் கொடுத்த தகர வீட்டில்தான் இருக்கிறேன். போன வருஷச் சூறைக்காற்று பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போன இடத்தில் சிமென்ட் தளம் மட்டும் கிடக்கிறது. தகர வீட்டைக் கொண்டுவந்து இறக்கிய அன்று வாசலைப் பார்த்தேன். செங்குத்தாக இரும்புப் படி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தான் ஓரின் உயிரோடு இருந்திருந்தால் சக்கர நாற்காலியோடு முற்றத்திலேயே குடித்தனம் பண்ணியிருப்பார். லாரிக்காரர், "ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். அவர் போனதும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உதவிக்கு வந்தவர்களைக் குறை சொன்னால் வாய் அழுகிப் போகும். முன்பின் தெரியாதவர்கள் மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நின்றபடியே சாப்பிட்டார்கள், பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். சர்ச் பெண்கள் கொண்டுவந்து அடுக்கிய உருளைக்கிழங்கு சீஸ் தட்டுகளை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. இனி தின்னவும் முடியாது. கொளுத்துகிற வெயிலில் எங்கிருந்தோ பெட்டி பெட்டியாகக் கம்பளிக் கோட்டு வந்தது. ஒரு பெட்டி முழுக்கக் குதிகால் உயர்ந்த செருப்பு. நம் ஊர் இமோஜீன் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு ஒரு ஜோடியைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எந்த டான்ஸுக்குடி என்னக் கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டாள். அத்தனை இடிபாட்டுக்கு நடுவில் எல்லாரும் சிரித்தோம்.

பிறகு வேறு ஊரில் காற்று அடித்தது. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். நியாயம்தான். ஆனால் இமோஜீனின் கூரையில் அவர்கள் கட்டிவிட்டுப் போன நீலத் தார்ப்பாய் இன்னும் படபடக்கிறது. மின்சாரம் நின்றால் அவளுடைய மூச்சு இயந்திரமும் நின்றுவிடும். மாற்றுக்குச் சிலிண்டர் வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் போய்த் தொண்டை வற்றக் கத்தினேன். "முறைப்படி பரிசீலிக்கிறோம்" என்றார்கள். "அவ முறைப்படி மூச்ச நிறுத்தி வைக்க மாட்டா"ன்னு சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன மாதம்தான் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சூறைக்காற்றுக்குத் தப்ப ஊருக்கென்று ஒரு பதுங்கறை கட்டி முடித்திருக்கிறார்கள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. படி கிடையாது, சரிவுப் பாதை. சக்கர நாற்காலி தானாகவே உருண்டு உள்ளே போகும். போன வருஷமே இதைக் கட்டியிருந்தால் என்ன என்று திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் கேட்டேன். தீயணைப்பு நிலையத்து வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காற்று எச்சரிக்கைச் சங்கு வேலை செய்கிறதா என்று சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊதிப் பார்ப்பார்களே, அது இன்னும் ஊதுகிறது. நடந்ததற்குப் பிறகு அந்தச் சோதனையே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார்கள். நான்தான் விடவில்லை. "சோதனையோ நெசமோ, சங்கு கேட்டா எந்திரிங்க. கடியாரத்தப் பாக்காதீங்க"ன்னு கூட்டத்தில் சண்டை போட்டேன். இப்போது தானாக வர முடியாத ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உண்டு. சங்கு ஊதினால் அந்த ஆள் வண்டியெடுத்துப் போய் அவரை அழைத்து வரவேண்டும். எல்லாரும் பதுங்கறையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். வெல்டாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வருகிறார்களே.

ஊர்க் கதை போதும். எதற்காகப் பேனாவை எடுத்தேனோ அதற்கு வருகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படி.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். "பன்னெண்டு மணிச் சங்குன்னு நெனச்சிட்டேன் அக்கா. கடியாரத்தப் பாத்தேன், சரியாப் பன்னெண்டு. நான் பாட்டுக்கு ரொட்டிய வாட்டிக்கிட்டு நின்னேன்" என்றாய். நான் மரம் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மாடுகளை விற்றாய், வீட்டைப் பூட்டினாய், மகளிடம் போய்விட்டாய். சங்கு ஊதினால் நீ வண்டியில் வந்து ஓரினை நிலவறைக்குள் இறக்க வேண்டும் என்பது, அவர் தானியக் கிடங்கின் மேலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன நாளிலிருந்து நமக்குள் இருந்த ஏற்பாடு. நீ வரவில்லை, அவர் செத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

வானம் கறுத்திருந்தால் சோதனைச் சங்கை ஊத மாட்டார்கள் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அன்றைக்கு அது யாருக்கு ஞாபகம் வந்தது? எங்கள் அடுப்படியில் ஓரினும் சங்கைக் கேட்டுவிட்டு, "பன்னெண்டாச்சு, சூப்ப ஊத்து" என்றார். நானும் ஊற்றினேன். ஊரே கடிகாரத்தைத்தான் பார்த்தது, நீ மட்டும் இல்லை.

ஜன்னலில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்த பிறகுதான் அவர் தலையைத் தூக்கினார். வெளியே பச்சை நிறத்தில் ஓர் இருட்டு. நான் மாத்திரைகளைப் பொறுக்கினேன், அவர் பையைக் கட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் தரையோடு தரையாகக் கதவு வைத்த நிலவறை வாசலுக்கு ஓடினேன். "டெல்பர்ட்டுக்குப் போன் போட்டுட்டேன், வண்டியக் கெளப்பிட்டான். நீ எப்பவும் போல எறங்கி நில்லு" என்றார். எப்போதும் நான்தானே முதலில் இறங்குவேன். கீழே நின்று நான் காலைப் பிடிக்க, நீ மேலிருந்து அக்குளில் கை கொடுத்து இறக்குவாய். கோதுமை மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்குறான் என்று உன்னைத் திட்டுவார். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பையை என் கையில் கொடுத்து, "மெதுவாடி, படி வழுக்கும்" என்றார்.

நான் கீழே போய்த் திரும்புவதற்குள் கதவு விழுந்தது. ஓடி ஏறித் தள்ளினேன். அசையவில்லை. நாற்காலியை அந்தக் கதவின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டார் தம்பி. அவரும் நாற்காலியும் சேர்ந்த பாரம் முழுக்க என் தலைக்கு மேலே. கத்தினேன். வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் மேலேயிருந்து கையால் கதவைத் தட்டினார். இங்கேதான் இருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு தட்டல்.

அப்போது அந்த இருட்டில் பைக்குள்ளே போன் அடித்தது. ஓரினின் போன். திரையில் உன் பெயர். நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

புரிகிறதா? நீ கூப்பிட்டாலும் எடுக்க முடியாதபடி, பையைக் கட்டும்போதே போனை உள்ளே போட்டுவிட்டிருக்கிறார். உனக்கு அவர் போன் போடவே இல்லை. கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய் என்று அவருக்குத் தெரியும். காற்று உன் மேய்ச்சல் நிலத்துக்குக் குறுக்கேதான் வந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த உன் இரும்புக் கேட்டை எந்த ஊரில் கண்டெடுத்தார்கள் என்று உனக்கே தெரியும். நீ அன்றைக்குக் கிளம்பியிருந்தால் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்திருப்பாய்.

கொஞ்ச நேரத்தில் கதவின் மேல் பாரம் இல்லை. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

பிறகு மேலே விழுந்து கிடந்த உத்தரத்தைப் புரட்டிப் போட்டு அந்தக் கதவைத் திறந்தது நீதான். கையெல்லாம் ரத்தம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தான் எங்க அக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் ஊர் அவரைத் தியாகி என்று கொண்டாடும். போதகர் மேடையில் நின்று பேசுவார். எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்கு அவர் மேல் கோபம், தம்பி. இன்னும் ஆறவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் நான் மேலே அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை, பாவி மனுஷன். நான் என் கோபத்தைக் கட்டிக்கொண்டு கிடந்ததில் உன்னை மறந்துவிட்டேன். அவர் எடுத்த முடிவை நீ தலையில் சுமந்துகொண்டு திரிகிறாய். இறக்கி வை.

சங்கு ஊதினால் இமோஜீனை அழைத்து வர ஆள் இல்லை. அவளுடைய தங்கை மகன் இரண்டு வாரம் வந்தான், பிறகு வேலை இருக்கிறது என்றான். சிலிண்டரையும் தூக்க வேண்டும், அவளையும் தாங்க வேண்டும், அவள் பேச்சையும் கேட்க வேண்டும். லேசான காரியமா? யார் பெயரைப் போடட்டும் என்று வெர்ன் கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். "அவர் ஆரிகன்ல இல்ல இருக்கார்?" என்றான். "வருவான், எழுதுடா" என்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பதுங்கறையின் கதவு இரும்பு, நல்ல கனம். எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டு யாராவது அதை இழுத்துச் சாத்த வேண்டும். வெர்ன் என்னைத்தான் சாத்தச் சொன்னான். ஒருதரம் கை வைத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே ஓடிப் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் ஒரு கதவைச் சாத்த முடியாமல் இருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

காற்று தெற்கே திரும்பிவிட்டது. நேற்று சாயங்காலம் தூரத்தில் மின்னியது. அந்த ஆரிகனில் வருஷம் முழுக்கத் தூறலாம், வானத்தைப் பார்க்காமலே காலத்தை ஓட்டலாம் என்கிறார்கள். ஆனால் அது உன் ஊர் இல்லையே.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்காதே, அடிப்பேன். சனிக்கிழமை சங்கு ஊதும்போது இமோஜீனை அழைத்துக்கொண்டு வா. கடைசி ஆள் வந்து சேரும்வரை வாசலில் நில். பிறகு நீயும் உள்ளே வா தம்பி. வந்து, உள்ளேயிருந்து கதவைச் சாத்து.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அக்கா
வெல்டா