கடைமடைக்கு முதல் தண்ணீர்

ஜூன் 3, திங்கள்

எங்கள் மொபைல் விளையாட்டை ஒரு கேம் தளத்தின் வாக்கெடுப்புப் பக்கத்தில் ஏற்றிவிட்டோம். இருபதாம் தேதி வரை ஆட்டக்காரர்கள் வாக்களிப்பார்கள். முதல் பத்து இடத்துக்குள் வந்தால் அந்தத் தளமே வெளியிடும். இரண்டு வருட உழைப்பு. நான் படம் வரைந்தேன், நண்பன் தரணி புரோகிராம் எழுதினான். அணைத் தண்ணீர் வற்றுவதற்குள் மதகுகளைத் திறந்து எல்லா வயலுக்கும் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஜூன் 8

எழுபத்தொரு வாக்கு. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள்.

ஜூன் 11

தரணி சொன்னான்: "இது தேறலீன்னா நான் பெங்களூரு வேலைக்குப் போயிடறேன் கிருத்திகா." கோபமில்லாமல் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது. இன்னும் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் போய் வாக்குக்குக் கெஞ்சுவது? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். செக்கிங் பிரிவில் இருக்கும் மயிலாள் அக்கா என் போனை எட்டிப் பார்த்தார். மடத்துக்குளத்துக்காரர்; வாய்க்கால் பாசன ஊர்.

"நானும் பாக்கட்டா கண்ணு?"

ஐந்தாம் கட்டத்தைக் கொடுத்தேன். நாங்களே நாற்பது முறை தோற்றது. அவர் மேல் மதகுகளையெல்லாம் மூடினார். மொத்தத் தண்ணீரையும் கடைசி வயலுக்கு ஓட விட்டார். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறந்தார். அத்தனை வயலும் பச்சை — ஒரே முறையில்.

எதுக்குக்கா இப்படி என்றேன்.

"கடைமடைக்கு மொதல்ல உடோணும் கண்ணு. மேல இருக்கறவங்களுக்கு எப்பவும் கெடைக்கும்."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். உடனே தரணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "தப்பு எதுவும் இல்ல, கணக்குப்படிதான் ஓடுது" என்றான். நாங்கள் செய்ததற்குள் நாங்கள் அறியாத ஒரு வழி. எப்படி வந்து உட்கார்ந்தது அது?

ஜூன் 14

அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அவர் மறுபடி ஆடுவதைக் கைகள் மட்டும் தெரிய வீடியோ பிடித்து இணையத்தில் போட்டேன். வாக்குக் கேட்கவில்லை. 'உங்களால் முடிகிறதா?' என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 16

நாலாயிரம் வாக்கு. இல்லை — எழுதும்போதே நாலாயிரத்து முந்நூறு. யார் இவர்களெல்லாம்?

ஜூன் 21

ஏழாம் இடம். தரணி பெங்களூரு கம்பெனியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

ஜூன் 24

பெரு நாட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவருடைய மலையூரிலும் கீழ்வயலுக்குத்தான் முதல் தண்ணீராம். அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்கிறார்.

மயிலாள் அக்காவிடம் வாசித்துக் காட்டி, என்ன பதில் எழுதட்டும் என்றேன். கையிலிருந்த பனியனை மடித்து வைத்தார்.

"அவங்கூர்ல இப்ப மழை உண்டான்னு கேளு கண்ணு."