கோச்சடையில் கரண்ட் இல்லை

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்க மூச்சிரைப்பு இப்ப எப்படி இருக்கு? அல்லாஹ் கிருபையால மும்பையில நான் சுகம்.

நம்ம தெரு முக்குல இருக்கே டிஜிட்டல் ரேடியோ டவர், அதை இங்க என் சீட்டுல இருந்துதான் கவனிக்கிறேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோச்சடையில கரண்ட் போச்சு. என் ஸ்கிரீன்ல சிவப்பு எரிஞ்சது. பேட்டரி இறங்குறதுக்குள்ள இங்கேயிருந்தே அங்க ஜெனரேட்டரை ஓட விட்டேன். பாட்டு நிக்கவே இல்ல.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "ஃபேன் ஜம்முன்னு ஓடுதும்மா"ன்னீங்க. டவருக்கும் நம்ம வீட்டுக்கும் ஒரே லைன், அத்தா! அம்புட்டு வெக்கையில வேர்த்துக்கிட்டே என்கிட்ட பொய்யா?

சார்ஜ் பண்ற ஃபேன் ஒண்ணு பார்சல்ல வருது. விருந்தாளி வந்தா எடுக்கலாம்னு பீரோ மேல வைக்காதீங்க. பக்கத்து வீட்டு ஆசிப் அண்ணே இங்க வர்றப்ப அவர்கிட்ட பருப்புப்பொடி குடுத்து விடுங்க. இந்த ஊர்ச் சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது.

டியூட்டிக்கு நேரமாச்சு. அன்னிக்குப் போன்ல நீங்க "சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்டதுக்கு "ஆச்சு அத்தா"ன்னேன்ல? கரண்ட் திரும்பி வந்து ஸ்கிரீன்ல பச்சை எரிஞ்சப்புறம்தான் டிபன் பாக்ஸையே திறந்தேன்.

உங்க மக,
சுஃபியா